கதிரை முன்னே கட்டியவன் எழுதிய ஓலை

பொன் நூற்று முப்பத்தேழேகால். வெண்மணல் நாடு கருங்குன்ற நாட்டுக்கு இறுக்க வேண்டிய கடன் இது. சென்ற ஐப்பசி முதல் பொய்க்காரணம் சொல்லி நிறுத்திவைத்த கடன்.

குன்றுகள் மழை வாங்கிக் குளிர்க! சுனை வற்றாத கருங்குன்றத்தைக் காத்தருளும் வேந்தர் செம்பொறை மாவேளார் திருமுன் வைக்க. அலைவாய் காக்கும் முத்துக்குடையார், வெண்மணல் நாட்டுப் பெருமகளார் ஆழிநங்கையார் ஆணையால் விடுத்த ஓலை. தங்கள் அரண்மனையாரும் படையாரும், தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பிள்ளைகளும் நலமே வாழ்க.

இதை எழுதுகிறவன் அரண்மனை எழுத்தன் அல்லன். துறைவிளக்குக் குன்றில் வடம் இழுத்து, மற்ற நாளில் உப்புமூட்டை சுமக்கும் கூலியாள் நொச்சியன். தலை நரைத்தபின் எழுத்துக் கற்றவன். எழுத்தர் எழுதட்டும் என்று அமைச்சர் உரைத்தபோது, கட்டிய கையே எழுதட்டும் என்று பெருமகளார் அருளினார். ஆகவே எழுத்து வளைந்திருந்தால் வேந்தர் பொறுக்க. செய்தியைப் பொறுக்கும்படி கேட்க அவனுக்கு வாயில்லை. பிறர் பேச்சை உயர்ந்த நடையில் மாற்றவும் தெரியாது. சிலவற்றைக் காதில் விழுந்தபடியே வைக்கிறான்.

தங்கள் நாட்டு மின்கம்மியர் பிடவியார் எங்கள் துறைக்கு மூன்று காவற்பெட்டிகள் கொண்டுவந்தார். மேற்சொன்ன பொன் அவற்றின் விலை. கதிர்ப்பலகை வெயிலிலிருந்து எடுத்துத் தரும் மின்னை அளந்து மின்கலத்துள் விடுவதும், கலம் நிரம்பினால் வரத்தை அடைப்பதும், கலம் அடியோடு வறளுமுன் விளக்கை நிறுத்துவதும் அப்பெட்டியின் வேலை. ஒன்றை அவரே விளக்குமாடத்தில், வெயில் நேரே படாத, காற்றோடும் சுவரில், கலத்துக்குப் பக்கத்தில் பொருத்தினார். புயலுக்குப் பலகையை இறக்கி ஏற்ற வேண்டிவரும் என்று நொச்சியனை அருகே நிறுத்திக் கற்பித்தார். சிவப்புக் கம்பி சிவப்பு வாயில், கறுப்பு கறுப்பு வாயில். முதலில் மின்கலத்தைப் பிணைக்க வேண்டும்; பெட்டி பச்சைக் கண் விழித்து, கலம் எவ்வளவு தாங்குமென்று அறிந்துகொண்ட பின்னரே கதிர்ப்பலகை; அதன்பின் விளக்கு. கழற்றும்போது விளக்கு, பலகை, கலம் என்று தலைகீழாக. "இலை போடாம சோத்தக் கொட்டுவீங்களாண்ணே? கலந்தான் இலை, வெயிலு சோறு. கொட்ட எடமில்லன்னா பெட்டி வெந்துபோயிரும்" என்றார் அந்த அம்மை. நொச்சியன் சிரித்தான். அவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தான் என்று வேந்தர் எண்ணிவிடலாகாது.

ஐப்பசிப் புயல் ஓய்ந்த மறுநாள், எல்லாக் கம்பிகளையும் கழற்றி இறக்கி வைத்த பலகையை உச்சிவெயிலில் ஏற்றினார்கள். ஊரே குன்றின்மேல் நின்றது. எங்கள் நாட்டில் எந்த வேலைக்கும் முதற்கை கதிரவனுக்கே. வெயிலுக்குக் காட்டாமல் புதுவலை கடலில் இறங்காது, புதுப்பானை உலையேறாது. நொச்சியன் மின்கலத்தின் கம்பியை எடுத்ததைக் கண்டு துறைக்காவலர் மாகடலனார், "ஏலே நொச்சி, மேல சாமி காஞ்சிக்கிட்டு நிக்காரு, நீ கறுப்புப் பெட்டிக்கு மொத மரியாத பண்ணுதியா? பொண்டாட்டிக்காவது ஒழுங்கா மாலை போட்டியா, இல்ல மாமியாருக்குப் போட்டியா?" என்றார். கூட்டம் சிரித்தது. நொச்சியன் கை மாறியது. அச்சத்தால் அன்று, வேந்தே. நாலு பேர் சிரித்ததற்கு.

பலகையை முன்னே கட்டினான். பெட்டிக்குள் ஏதோ நொறுங்கிய ஓசையும் கருகிய நாற்றமும் வந்தன. அதன்பின் கலத்தைக் கட்டியும் பச்சைக் கண் விழிக்கவில்லை. அன்று துறைவிளக்கு எரியாததால், திரும்பிய தோணிகளில் ஒன்று பாறையில் மோதிப் பிளந்தது. உயிர் போகவில்லை. தோணிக்காரன் உரவனின் வலத்தோள் முறிந்தது. இன்னும் அவன் துடுப்புப் பிடிக்கவில்லை.

பண்டாரத் தலைவர் வினவியபோது, "அந்தம்மா சொன்ன மாதிரியேதான் கட்டினேன், அய்யா" என்றான் நொச்சியன். கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. வெயிலை முன்வைத்தது பிழையென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கருங்குன்றத்தார் பழுதுப்பொருள் விற்றார் என்று பண்டாரம் தங்களுக்கு எழுதியதும், பொன்னை நிறுத்தியதும் அந்த ஒரு சொல்லின்மேல்தான்.

இதோடு நின்றிருந்தாலும் ஒருவாறு தலைகாட்டலாம். சில நாளில் அவன் ஒருவருக்கும் சொல்லாமல் தனியாக ஏறி, பண்டகத்திலிருந்த இரண்டாம் பெட்டியைப் பிடவியார் சொன்ன முறைப்படியே பொருத்தினான். விளக்கு எரிந்தது, இன்றும் எரிகிறது. கெட்ட பெட்டியை நொச்சியன் தன் கைத்திறத்தால் உயிர்ப்பித்தான் என்று ஊர் கொண்டாடியது. விளக்குயிர்த்தான் என்று பட்டம் சூட்டி, தோளில் பட்டுப் போர்த்தினார்கள். அந்தப் பட்டை அவன் வாங்கிக்கொண்டான். திருநாள்தோறும் உடுத்தினான்.

மாசியில் உப்பேற்ற வந்த தங்கள் நாட்டு வணிகன் ஒருவன், மூட்டையில் சாய்ந்தபடி, "ஒங்க ஊருக்குப் பெட்டி வித்த பொம்பளயோட முத்திரைய ராசா பிடுங்கிட்டாரு. இனி அவ கம்பி தொடக்கூடாதாம். தினை குத்திக் கூலி வாங்குறா" என்றான். கேட்ட நொச்சியன் சுமையைப் பாதி வழியில் இறக்கினான். பட்டை மடித்து எடுத்துக்கொண்டு அரண்மனை வாயிலுக்குப் போனான்.

நடந்ததைக் கேட்ட அமைச்சர், காரணம் கூறாமல் கடனை இறுத்துவிடுவதே நாட்டுக்குப் பெருமை என்றார். பொன் போய்ச் சேர்ந்தால் பிடவியார் இழந்த நற்பெயரும் போய்ச் சேருமோ என்று பெருமகளார் வினவினார். நொச்சியன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். இன்னும் அப்படித்தான் நிற்கிறான்.

ஆதலின் கருங்குன்றத்துப் பெட்டியில் பழுதில்லை. பழுது கட்டியவன் கையிலும் அவன் நாவிலும். கடன் பொன் முழுவதும் இவ்வோலையோடு வருகிறது. பிடவியார் முன்னிலையில் எண்ணிக்கொள்க. அவர் முத்திரையை அவரிடமே தந்தருள வேண்டும் என்று பெருமகளார் வேண்டுகிறார். அப்படி வேண்டிக்கொள்ளும் தகுதியும் நொச்சியனுக்கு இல்லை. பட்டமும் பட்டும் பண்டாரம் சேர்ந்தன. உரவன் துடுப்புப் பிடிக்கும்வரை அவன் வீட்டுக்கு நொச்சியன் கூலியில் பாதி போகும்.

வெண்மணல் நாட்டு விளக்குமாடங்கள் அனைத்துக்கும் ஆணை: கலம் முன், கதிர்ப்பலகை பின், விளக்கு இறுதி. கதிரவனுக்கு முதல் மரியாதையைக் கைகூப்பிச் செய்க, கம்பியால் செய்யற்க. மாறிச் செய்தவரும், செய்யச் சொல்லிச் சிரித்தவரும் ஒருங்கே ஒறுக்கப்படுவர். பெருமகளார் சுறா முத்திரை இட்டது. இவை வடம் இழுக்கும் நொச்சியன் எழுத்து.

ஓலையின் மறுபுறம், வேறு கையால்:

பொன் எண்ணினேன், சரியாயிருக்கிறது. வெண்மணல் நாடு கருங்குன்றத்துக்குத் தரவேண்டியது இனி ஒன்றுமில்லை. கொண்டுவந்த நொச்சியனை உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கஞ்சியை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், குடித்தான். வேந்தர் இன்று திருப்பித் தந்த முத்திரையை முதன்முதலாக இவ்வோலையில் இட்டு, மின்கம்மியர் பிடவி.