ஒரே பெயரில் இரண்டு சேர்வர்

ஓகஸ்ட் 9, செவ்வாய்

இன்று கேபிள் வேலை பார்க்கும் செல்வம் அண்ணனிடம் அநியாயமாக எரிந்து விழுந்துவிட்டேன்.

நான் வேலை செய்யும் உப்பளக் கந்தோரின் சேர்வருக்குத் தரவு வைக்கச் சொந்த டிஸ்க் கிடையாது. அடுத்த அறையிலுள்ள ஸ்டோரேஜ் பெட்டியின் டிஸ்க்கை, ஐஸ்கசி என்ற இணைப்பில், கேபிள் வழியே தன்னுடையது போலவே பாவிக்கிறது. காலையிலிருந்து அந்த டிஸ்க் வருவதும் போவதுமாக இருந்தது. கேபிள் இழுத்தவர் அண்ணன்தான். "உங்கட கேபிள்தான் பிழை" என்றேன். உடப்பு ஊரிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்த மனிதர், சீலிங்குக்குள் ஏறிப் புதுக் கேபிள் இழுத்தார். டிஸ்க் மறுபடியும் போனது.

பிறகுதான் பெட்டியின் பதிவைப் பார்த்தேன். ஒரே பெயரில் இரண்டு சேர்வர்கள் மாறி மாறி நுழைந்திருந்தன. பெட்டி, சேர்வரின் பெயரைப் பார்த்துத்தான் டிஸ்க்கைக் கொடுக்கும். அதே பெயரில் இன்னொன்று வந்தால், முன்னால் வந்ததை வெளியே அனுப்பிவிடும். நேற்றுப் பழைய சேர்வரை அப்படியே பிரதியெடுத்துப் புதியதை உருவாக்கியவள் நான். பெயரை மாற்ற மறந்தவளும் நான்.

புதியதற்கு வேறு பெயரும் தனி டிஸ்க்கும் கொடுத்தேன். இரண்டு சேர்வர்கள் ஒரே டிஸ்க்கில் எழுதினால் தரவு கெட்டுவிடும் என்பதால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் பழுதில்லை.

அண்ணனிடம் பிழையை ஒத்துக்கொண்டேன்.

"கேபிள் நல்லம் எண்டு எனக்கு அப்பவே தெரியும், தங்கச்சி."

"அப்ப ஏன் ஏறினீங்க?"

"வாயால சொன்னா நம்பியிருப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய கேபிளைச் சுருட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது அங்கேயே இருக்கட்டும்.