பெயரை மறைத்த மஞ்சள் சீட்டு

காதுக்காரா, என் செல்லத் தம்பி ஷாகுலுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இங்கே வளைகுடாவில் எல்லாம் அப்படியே: ரோலாவிலிருந்து அதே பஸ், அதே நெரிசல், அல் கூஸில் அதே ஆபீஸ். உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. ரிப்பேரான ஹெட்செட்டுகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறதடா. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு.

வேலை மாறவில்லை. ஹோட்டல் ரூம் கேட்டு உலகமெல்லாம் இருந்து போன் செய்கிறவர்களிடம் நம் ஆபீஸ் பிள்ளைகள் பேசியதைப் பதிவில் கேட்டு, இங்கிலீஷுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறேன். பதினொரு வருஷம் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை. இப்போது சிரிக்க வைக்க ஆளில்லாமல் செய்கிறேன்.

நியூசிலாந்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் ஒரே அழைப்பில் மாறி மாறிப் பேசினார்களே, நினைவிருக்கிறதா? "கேளுங்க ராத்தா, அம்மா சொல்ற 'எ' மக வாயில பாதி 'இ' ஆயிடுச்சு. ஒரே வீட்டுக்குள்ள உயிரெழுத்து நடந்து போகுது!" என்று குதித்தாய். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. கீழக்கரையில் பிறந்தவனுக்கு இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பொறாமை.

பிறகு ஒருநாள் எனக்கு ஒரு வித்தை காட்டினாய். ஒரு குரலைப் போட்டு, "இவரு ஆஸ்திரேலியா" என்றாய். கேட்டு எழுதினேன். அடுத்ததைப் போட்டு, "இவரு நியூசிலாந்து" என்றாய். உயிரொலி வேறு மாதிரி, நன்றாகவே தெரிகிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். இரண்டும் ஒரே பதிவு!

"காதுல பூ சுத்துறியாடா?" என்று எரிந்து விழுந்தேன். நீ சிரிக்கவில்லை. "உங்க காது கேக்குறதுக்கு முன்னாடியே பேரு தீர்ப்பு சொல்லிடுது ராத்தா" என்றாய். அன்றே ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, என் திரையில் நம் ஆபீஸ் பிள்ளையின் பெயர் வரும் மூலையை மறைத்து ஒட்டினாய். மார்க் போட்ட பிறகுதான் தூக்கிப் பார்க்கவேண்டும் என்பது உன் சட்டம்.

நீ போன பிறகு புதுத் திரை கொடுத்தார்கள். பழைய திரையோடு சீட்டும் போய்விட்டது. வேறு ஒன்று ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒட்டவில்லை. சோம்பல் ஒரு பாதி. அந்த மஞ்சளைப் பார்த்தால் அழுகை வரும் என்ற பயம் மறு பாதி.

மாதக் கடைசியில் நம் மார்க் சீராக இருக்கிறதா என்று பார்க்கப் பழைய பதிவுகள் சிலவற்றைப் பெயரில்லாமல் திரும்ப அனுப்புவார்களே, போன வாரம் அப்படி ஒன்று வந்தது. குழந்தைக்குக் கூடுதல் கட்டில் கேட்கிற அழைப்பு. இதமான குரல். ஒன்பது போட்டு, 'உயிரொலிகள் மிகத் தெளிவு' என்றும் எழுதினேன். சேமித்ததும் பழைய மார்க் பக்கத்தில் வந்து நின்றது. நான்கு. 'உயிரொலிகளில் தாய்மொழிச் சாயல் அதிகம்.' எழுதியது நானேதான். பேசியவள் பெயர் செல்வராணி.

மதியம் சாப்பாட்டு ரூமில் அவளைத் தேடிப் போனேன். தயிர் சாதத்தைக் கிளறிக்கொண்டு இருந்தாள். எந்த ஊரம்மா என்றேன்.

"அப்பாவுக்குத் திருநெல்வேலி ஆன்ட்டி. நான் பொறந்து வளந்தது எல்லாம் பஹ்ரைன், குதைபியா. எனக்குத் தமிழ்தான் சரியா வராது."

"ஏன் சாப்பிடல?"

"ப்ரொபேஷன் முடியுது ஆன்ட்டி. ஒரு போன் கால்ல நாலு மார்க். வியாழக்கிழமை அனுப்பிடுவாங்கன்னு சொல்றாங்க. என்ன தப்புன்னே தெரியல. டெய்லி கண்ணாடி முன்னாடி வாயத் தொறந்து தொறந்து பாக்கறேன்."

யார் மார்க் போட்டது என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன், ஷாகுல். பேரைப் பார்த்து அவள் வாயில் நான் ஒரு திருநெல்வேலியை வைத்திருக்கிறேன். வெள்ளைக்காரனுக்கு அது கேட்டிருக்காது. நம்ம ஆளென்றால் நமக்குத்தானே இளப்பம்? இருபத்துநாலு வயதில் ஒரு இன்டர்வியூவில் என் திருச்சி இங்கிலீஷை இரண்டு வாக்கியத்தில் நிறுத்தி, வெளியே போகச் சொன்னவரும் ஒரு தமிழர்தான்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு. என் கான்ட்ராக்டும் இந்த வருஷம்தான் முடிகிறது. யாரும் கவனிக்கவில்லை, பேசாமல் இரு என்று மனசு சொன்னது. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கி வந்து வைத்திருப்பாய். அதற்குத்தான் எனக்குப் பயம்.

புதன்கிழமை மேனேஜரிடம் போனேன். மார்க்கை மாற்றக் காரணம் எழுத்தில் வேண்டும் என்றார். சிஸ்டம் கோளாறு என்று எழுதிவிடலாம் எனக் கண் சிமிட்டினார் வேறு. நான் எழுதினேன்: 'பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.'

"அரே வசந்தி ஜி, இது உங்க ஃபைல்ல ஏறும். யோசிச்சீங்களா?" என்றார் ஹிந்தியில்.

"யோசிச்சாச்சு பாய்" என்றேன்.

செல்வராணி வேலையில் இருக்கிறாள். ஏன் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத்தான் மார்க் போடுகிற வேலை கலாஸ், முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் போன். இந்த வயதில், இந்தத் தொண்டையோடு, எட்டு மணி நேரம் 'எப்படி உதவட்டும்' என்று கேட்கவேண்டும். கோபம் இல்லை. அலுப்புத்தான். உன்னிடம் அழவேண்டும் போல இருக்கிறது, அதுவும் முடியவில்லை.

என் இடத்துக்கு மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். நேற்று அவள் திரையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். இது எதுக்கு என்றாள். சொன்னேன். முழுசாக நம்பவில்லை, நானும் அன்று நம்பவில்லையே. இனி என் பேச்சும் அவளிடம்தான் போகும். அந்த மூலையில் என் பெயர் இருக்கும்.

அவள் கிழித்துப் போட்டால் மறுநாள் காலை வேறொன்று ஒட்டுவேன். மறுபடி கிழித்தால் மறுபடியும். என் பையில் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன் தம்பி, இந்த முறை சோம்பல் பட மாட்டேன்.

கூடப் பிறக்காத உன் ராத்தா,
வசந்தி