அந்த அக்கா அப்புறம் என்ன ஆனாள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை உள்ளது உள்ளபடி எழுது, போனில் சொல்கிற "நல்லா இருக்கேன்பா" எனக்கு வேண்டாம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டைக் காலர் அழுக்கெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், "இத்தனை வருஷம் இந்த மனுஷனையா சுத்தம்னு நினைச்சேன்" என்கிறாள். கடையில் வியாபாரம் மந்தம். டிவியை இங்கே தொட்டுப் பார்த்துவிட்டு போனில் ஆர்டர் போட்டுக்கொள்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாம் கடையில் உட்கார்ந்து பார்ப்போமே ஒரு துப்பறியும் தொடர், அதை மத்தியானத்தில் மறுபடி போடுகிறார்கள். போன வாரம் கடையிலுள்ள பதினாலு டிவியிலும் அதுதான் ஓடியது. கன்னம் வீங்கிய ஒரு பெண் ஸ்டேஷனுக்கு வருகிறாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அவன் கை நீட்டுற அளவுக்கு நீ என்னம்மா பண்ணினே" என்கிறார். கான்ஸ்டபிள் சிரிக்கிறார், பின்னால் கோமாளி இசை, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நகைத் திருடனைத் தேடிப் போய்விடுகிறார்கள். நம் கடையில் பில் போடும் பெண், "அடிச்சவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்லை, இவரு துப்பறியப் போறாராம்" என்றாள். மூன்று வருடத்துக்கு முன் உன் புருஷன் அடித்தான் என்று நீ போனில் அழுதபோது நான் கேட்டதும் அதே கேள்விதானே. பழுதென்று டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் முதலில் "நீங்க என்ன பண்ணினீங்க" என்று கேட்டுக் கேட்டே கடையை வளர்த்தவன் நான். பெற்ற பெண்ணிடமும் அந்தக் கடைப்பேச்சையே பேசிவிட்டேன். தொடர்மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது, அதைக் கைதட்டி ரசித்தவனும் நான்தான். அன்று அம்மா போனைக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. நீ அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, சண்டை தீர்ந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன், வீட்டுக்கு எடுத்துப் போகாதே. மாடியில் சரக்கு அடுக்கியிருந்த அறையை ஒழித்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டாயிற்று. நீ கிளம்ப முடியாதென்றால் சொல், நானே வந்து அழைத்து வருகிறேன். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசட்டும், முப்பது வருடம் ஊரோடு பேரம் பேசியவன் நான், அவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சின்ன வயதில் இதே கதையைப் பார்த்து முடித்ததும் நீ என் கையைப் பிடித்து, "அந்த அக்கா அப்புறம் என்ன ஆனாங்கப்பா" என்று கேட்டாய். கதை அவங்களைப் பத்தி இல்லடா, திருடனைப் பத்தி என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். இப்போது நான் கேட்கிறேன். அப்புறம் என்ன ஆச்சும்மா?

யார் கைக்கும் பயப்படாமல் நீ நூறு வயது வாழவேண்டும். மறக்காமல் மத்தியானம் கடைக்குப் போன் போடு. டிவியெல்லாம் அணைத்திருக்கும். போனை அம்மாதான் எடுப்பாள்.

உன் அப்பா