இஞ்சாருங்கோ, காருக்குச் சத்தம் வந்துவிட்டது

என்ரை இஞ்சாருங்கோ,

உங்கள் காருக்குச் சத்தம் வந்துவிட்டது. வேறு எதையும் எழுத முதல் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டேன். இனி ஆறுதலாக மற்றதை எழுதலாம்.

அடுத்த கிழமை உங்கள் முதலாம் வருச ஆட்டைத் திவசம். வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவுப் புத்தகம் அடிக்கிறோம். முதல் பக்கத்தில் போடுவதற்கு மகள் மது எங்கேயோ இருந்து ஒரு கவிதை எடுத்து வந்தாள். யார் செத்தாலும் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், அப்படி ஒரு கவிதை. "இதை விடு பிள்ளை, உன்ரை அப்பாவோடை நானே கதைக்கிறன்" என்றேன். ஆகையால் இதை ஊர்ச்சனம் முழுக்க வாசிக்கப்போகிறது. நீங்கள் கூச்சப்பட்டு ஒளிய அங்கே கராஜும் இல்லை, இருந்து கேளுங்கோ.

புத்தகத்தின் அட்டையில் பிள்ளைகள் உங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் இதற்குள் எழுதப்போவதில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் உங்களை, இங்கே பாருங்கோ என்பதைச் சுருக்கி, 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிட்டேன், நீங்கள் என்னை 'இஞ்சாரும்' என்றுதான் கூப்பிட்டீர்கள். டென்மார்க்குக்கு வந்தும் எங்களுக்கு அது மாறவில்லை. அலுவலகங்களில் கணவன் பெயர் என்ன என்று கேட்டால் உங்கள் மஞ்சள் ஆஸ்பத்திரி அட்டையை நீட்டிவிட்டு நிற்பேன். நீங்கள் கண் மூடிய அன்று காலை ஓகூஸ் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் முழுப் பெயரைக் கேட்டபோதும் எனக்கு வாய் வரவில்லை. மதுதான் சொன்னாள்.

காரின் கதை உங்களுக்குத் தெரியும். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கோல்டிங்கில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டுச் சில்க்போர்க்கில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற வழி. ஒரு தோட்டக்காரரின் கொட்டிலுக்குள் அது நின்றது. நீளமான மூக்கு, இரண்டே இரண்டு கதவு, எட்டு சிலிண்டர் அமெரிக்கன் கார். எங்கள் இருவரின் வயதுதான் அதற்கும். நீங்கள் எங்கள் காரை நிற்பாட்டிவிட்டு இறங்கிப் போனீர்கள், போனவர் திரும்பி வரும்போது தோட்டக்காரரின் ட்ரெய்லரையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நான் காஞ்சிபுரச் சேலையும் நகையுமாக முன்னால் இருக்க, பின்னால் அந்தத் துரு மூட்டை வந்தது. வழியில் கையைக் காட்டிய டேனிஷ்காரர் என்னைப் பார்த்தா காட்டினார்கள், அதைப் பார்த்தா?

"உந்தக் காரை என்னத்துக்கு வாங்கினீங்கள்?" என்று கேட்டேன்.

"சத்தம் நல்லாயிருக்கும்" என்றீர்கள்.

"எங்கை சத்தம்? எஞ்சின் கழண்டு பெட்டியிலை கிடக்குது."

"வரும். கொஞ்சம் பொறும்."

எட்டு வருசம் பொறுத்தேன். தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடித்து வந்து சோறு தின்ற கையோடு கராஜுக்குள் போவீர்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் இழுத்துக்கொள்வீர்கள். மது ஒரு வாங்கில் உட்கார்ந்து காரின் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து டேனிஷில் சொல்லுவாள், மகன் கஜன் ஸ்பானரை எடுத்துத் தருவான். வீட்டுக்குள் உங்களுக்கும் கஜனுக்கும் கதை குறைவு. நீங்கள் தமிழில் கேட்டால் அவன் டேனிஷில் இரண்டு சொல்லில் முடித்துவிட்டு அறைக்குள் போய்விடுவான். அந்தக் காருக்குக் கீழே மட்டும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் கதைத்தீர்கள். எந்தப் பாஷையில் கதைத்தீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

நான் தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் குசினி ஜன்னலால் "இஞ்சாருங்கோ!" என்று கத்துவேன். "ஓம், வாறன்!" என்று காருக்குக் கீழே இருந்து பதில் வரும். ஆள் வராது. தேத்தண்ணி ஆறும். மறுபடியும் கத்துவேன். இது எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்.

எதிர் வீட்டு பௌலுக்கும் கேட்டிருக்கிறது. ட்ராக்டர் திருத்துகிற வேலையில் இருந்து இளைப்பாறிய மனிதர், பிறகு உங்களுக்குக் கராஜில் கூட்டாளி. வந்த முதல் நாளே உங்கள் தோளில் தட்டி "ஹை, இஞ்சாருங்கோ!" என்றார். அதுதான் உங்கள் பெயர் என்று அவர் நினைத்துவிட்டார். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினேன். நீங்கள் திருத்துவீர்கள் என்று பார்த்தால், நீங்களோ "ஓம்" என்று சொல்லி அவருக்குக் கை கொடுத்தீர்கள். எட்டு வருசமும் அந்த மனிதர் உங்களை என்னுடைய சொல்லாலேயே கூப்பிட்டார்.

உங்கள் செத்தவீட்டு நாளில் பௌல் கறுப்புக் கோட்டுப் போட்டு, பூவோடு வந்திருக்கிறார். மண்டப வாசலில் உங்கள் உண்மைப் பெயரை வாசித்துவிட்டு, இது வேறு யாருடையதோ என்று நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தாராம். மது கண்டு ஓடிப்போய்க் கூட்டி வந்தாள். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் மனிதர் அழுதார். அத்தனை துக்கத்திலும் எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். நீங்கள் பெட்டிக்குள் கிடந்தீர்கள்.

அதற்குப் பிறகு கஜன் கராஜைப் பூட்டிவிட்டான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன், உங்கள் எண்ணெய்ச் சட்டை அதற்குள் தொங்கியது. அவன் காரை விற்போம் என்றான். எனக்குக் கார் வேண்டாம், அதன் மினுக்கமும் வேண்டாம். அந்தச் சத்தம் மட்டும் ஒரே ஒரு தரம் வேண்டும். எட்டு வருசம் ஒரு மனிதன் காத்திருந்து கேட்காமலே போன சத்தத்தை, அவனுடைய வீட்டில் மிஞ்சியிருக்கிற யாராவது கேட்க வேண்டாமா? இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவனே அரை உயிராக வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

குளிர் தொடங்க ஒருவர் கார் பார்க்க வந்தார். நல்ல பெடியன், மரியாதையாகக் கதைத்தான். காரைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான். எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு மின்சார மோட்டார் வைக்கப்போவதாகச் சொன்னான். "கொஞ்சம்கூடச் சத்தம் இருக்காது" என்றான் பெருமையாக.

கஜன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "சத்தமே இருக்காதா?" என்று திரும்பக் கேட்டான். இல்லவே இல்லை என்றான் அந்தப் பெடியன். கஜன் சாவியைப் பொக்கற்றுக்குள் போட்டான். கார் விற்பனைக்கு இல்லை, வீணாக வரவைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் முகம் சின்ன வயதில் காய்ச்சலுக்கு இருந்ததுபோல இருந்தது. "அம்மா, அப்பா அதுக்குத்தானே..." என்றான், தமிழில். நான் வந்த பெடியனுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமையே பௌலையும் கூப்பிட்டுக் கராஜைத் திறந்து, எஞ்சினில் கை வைத்தோம். நீங்கள் செய்து வைத்திருந்த வேலையைப் பார்த்தீர்களா? ஆணி, புரி, வளையம் எல்லாவற்றையும் யோகட் வாளிகளில் போட்டு, வெளியே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். உங்கள் மகனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கவே பொழுது விடிந்துவிடும். ஆகவே பராமரிப்பு இல்லத்தில் கிழமை முழுக்க வயதானவர்களைத் தூக்கி இருத்தி இடுப்பு ஒடிந்த நான், சனிக்கிழமைகளில் கராஜுக்குள் நின்று வாளி வாசித்தேன்.

"அம்மா, இதிலை என்ன எழுதியிருக்கு?"

"'பெரியவனுக்குக் கீழை, இடக்கைப் பக்கம், இறுக்காதை.' பெரியவன் ஆர் தம்பி?"

எனக்கு விளங்கவில்லை. அவனுக்கு விளங்கியது, வாளியை வாங்கிக்கொண்டு காருக்குக் கீழே போனான். 'மூக்கன்', 'சண்டைக்காரன்', 'சொன்னா கேளாதது' என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஒரு பெயர் வைக்க உங்களுக்குத் தோன்றவில்லை, ஒரு புரியாணிக்கு வைத்திருக்கிறீர்கள். நான் வாசிக்க வாசிக்க மது அதைப் பௌலுக்கு டேனிஷில் சொல்ல, அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

ஆனி மாதம், நல்ல வெயில் நாள். எல்லாப் பாகமும் பொருத்தியாகிவிட்டது என்றான் கஜன். மது நாலு தேசிக்காய் வாங்கி வந்து நாலு சில்லுக்கும் அடியில் நசுக்க வைத்தாள். பௌல் பொக்கற்றுக்குள் இருந்து ஒரு சின்னப் பித்தளைத் தகடு எடுத்தார். எழுத்து வெட்டுவித்துக்கொண்டு வந்திருக்கிறார், காரின் முன்பலகையில் பொருத்த வேண்டுமாம். வாங்கிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் INJARUNGO என்று இருந்தது.

மது அவருக்கு மெதுவாக விளங்கப்படுத்தினாள், இது அப்பாவின் பெயர் இல்லை, உங்களுக்கும் இப்போது தெரியும்தானே என்று.

"தெரியும்" என்றார் பௌல். "வாசலில் எழுதியிருந்த பெயருக்கு அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. இதற்குத்தான் அவர் 'ஓம்' சொல்வார்."

நான் தகட்டைக் கஜனிடம் கொடுத்துப் பொருத்தச் சொன்னேன்.

கஜன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது, நின்றது. பௌல் உள்ளே குனிந்து எதையோ தட்டினார். மறுபடியும் இருமல். மது என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பிடி எனக்கு இன்னும் நோகிறது. மூன்றாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. கராஜ் கதவு அதிர்ந்தது, உங்கள் வாளிகள் எல்லாம் தட்டில் நடுங்கின. நெஞ்சுக்குள் இறங்கி, வயிற்றுக்குள் இருந்து எழும்புகிற சத்தம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலுக்கு ஓடிப்போய் வீட்டைப் பார்த்து, "இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ, கேக்குது!" என்று கத்தினேன்.

பிறகுதான் நினைவு வந்தது. பௌல் தொப்பியைக் கழற்றினார். கஜன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தான், எஞ்சினை மட்டும் நிற்பாட்டவில்லை. நானும் நிற்பாட்டச் சொல்லவில்லை. நின்று அழுதேன். பழுதில்லை, நீங்கள் சொன்னது சரி. சத்தம் நல்லாய்த்தான் இருக்கிறது.

போன மாதம் வாகனப் பரிசோதனையிலும் தேறிவிட்டது. திவசத்துக்கு மறுநாள் நாங்கள் மூன்று பேரும் அதில் ஏரிப் பக்கம் போகிறோம். பௌலையும் ஏற்றுவோம். நான் முன் சீட்டில் இருப்பேன், 'மெல்லமா ஓடு' என்று ஒரு சொல் சொல்லமாட்டேன்.

எனக்கு இங்கே குறையொன்றும் இல்லை. அம்மா என்று கூப்பிடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலையிடத்தில் என் பெயரை வாய்க்கு வந்தபடி சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கோயிலுக்குப் போனால் அக்கா, அன்ரி, மாமி. ஆனால் இஞ்சாரும் என்று கூப்பிட இந்த உலகத்தில் இப்போது ஒருவரும் இல்லை. இந்த ஒரு வருசத்தில் அந்தப் பெயரை நான் ஒருக்கால்கூடக் கேட்கவில்லை.

ஆகையால் ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை அந்த எஞ்சினை யாரும் கழற்றவிடமாட்டேன். ஒவ்வொரு முறையும் அது பிடித்துக்கொள்ளும்போது நான் உங்களை ஒரு தரம் கூப்பிடுவேன், தெரு முழுக்கக் கேட்கட்டும். நீங்கள் வழமைபோல வராவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள்
இஞ்சாரும்