இளவரசியின் பங்கு

பெருநகர்
4-11-2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. இன்று காலை இ-சேவை மையத்தில் நானே பிரிண்ட் எடுத்தேன். மூன்று பெயர்: அம்மா, நீ, நான்.

நாம் மாறி மாறி ஆடும் கம்ப்யூட்டர் ராஜ்யத்தில் என் முறைக்கான பத்து வருஷம் முடிந்தது. ராஜா செத்ததும் நாடு பிள்ளைகளுக்குத் தானாகப் பிரிந்துபோய், பதினெட்டே மாதத்தில் பக்கத்து நாட்டான் கிழக்குக் கோட்டையைப் பிடித்தான். திரும்ப முதலிலிருந்து ஆடி, சட்டத்தை மாற்றிவிட்டேன். இனி உன் பத்து வருஷம். ஃபைல் இணைத்திருக்கிறேன்.

மழை விடவில்லை. நடவு பாதியில் நிற்கிறது. நீ போனே பண்ணுவதில்லை என்று அம்மாவுக்குக் குறை.

அன்புத் தம்பி,
வினோத்குமார்


ஓசூர்
6-11-2025

அன்புள்ள வினோத்,

நீ அனுப்பிய ஃபைலில் ராஜா இல்லை. மூன்று பக்க விடுதலைப் பத்திரம் இருந்தது. என் பங்கு முழுவதையும் தம்பிக்கு 'மனப்பூர்வமாக' விட்டுக்கொடுக்கிறேனாம். தேதி அக்டோபர் 20. ஆதார் எண் சரியாக இருக்கிறது. சான்றிதழுக்கு என்று சொல்லித்தானே வாங்கினாய்?

ஆட்டத்தையும் பத்திரத்தையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைக்கிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். எப்போது சொல்வதாக இருந்தாய், ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலிலா?

நிஜ ஃபைலை அனுப்பு. வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

ஜெயப்பிரியா


பெருநகர்
9-11-2025

அன்புள்ள அக்கா,

தப்புதான். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். "அது பங்கு கேக்குமா இன்னா? வந்தா கையெய்த்து போட்டுட்டுப் போவுது" என்றாள் அம்மா. அவளும் மாமாவுக்கு அப்படி எழுதிக் கொடுத்தவள்தானே.

இருப்பது ஒரு ஏக்கர் எண்பது சென்ட். மூன்றாக வரப்பு போட்டால் டிராக்டர் திரும்ப இடம் இருக்காது. பிரிந்த நாடு என்ன ஆகும் என்று நீயே எத்தனை முறை பார்த்திருக்கிறாய்.

சரியான ஃபைல் இதோ. மூத்த மகனுக்கு மட்டுமே நாடு. இளவரசியின் உரிமையை நீக்கி, வடக்கு ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்துக் கூட்டணி பிடித்திருக்கிறேன். உன் வீட்டுக்கும் சீர் ஒரு வருஷம்கூட நிற்காது, அக்கா.

வினோத்


ஓசூர்
12-11-2025

அன்புள்ள வினோத்,

பத்து வருஷமும் ஆடிவிட்டேன். ஆறாம் வருஷம் பக்கத்து நாட்டான் வந்தான். வடக்கு ராஜாவின் படை நம்மைக் காப்பாற்றியது. எட்டாம் வருஷம் இளவரசி பிரசவத்தில் போய்விட்டாள். அன்றே கூட்டணி முறிந்தது. ஒன்பதாம் வருஷம் கோட்டை போனது. நீ பிரிக்காத நாடுதான் அது.

அவள் உரிமையை நீக்கும் பொத்தானைத் தேடிப் பார்த்தேன். அவளிடம் சம்மதம் கேட்கிற வழக்கமே அதில் இல்லை. ரிஜிஸ்ட்ரார் என்னைக் கேட்பார். நான் சம்மதம் இல்லை என்பேன்.

எனக்கு நெல் வேண்டாம். வரப்பும் போட வேண்டாம். என் அறுபது சென்ட்டிலும் நீயே பயிர் வை. பட்டாவில் என் பெயர் இருக்கட்டும், அவ்வளவுதான்.

ஃபைல் இணைத்திருக்கிறேன். அடுத்தது உன் முறை.

அக்கா


பெருநகர்
21-11-2025

அன்புள்ள அக்கா,

பட்டாவில் உன் பெயர் தனியாக வர, பாகப்பிரிவினைப் பத்திரம் தயார். பத்திரம் எழுதும் ஏசுதாஸ் நேற்று முழுவதையும் வாசித்துக் காட்டினார். புதன்கிழமை சர்வேயர் அளந்தார். டேப்பின் மறு முனையைப் பிடித்தது நான். கல் மட்டும் நட்டிருக்கிறோம், வரப்பு போடவில்லை. போர்வெல் உன் பக்கம். எல்லைக்கோட்டை அப்படிப் போடச் சொன்னது நான்தான். "இன்னாப்பா, தண்ணிய அக்காவுக்கே உட்டுட்டியே!" என்று சர்வேயர் சிரித்தார்.

உன் பத்து வருஷத்தை நானும் நாலு தடவை ஆடிப் பார்த்தேன். நாலிலும் கோட்டை போனது. இப்போது இளவரசியின் பெயரைத் திரும்ப வாரிசில் சேர்த்து, ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். ராஜா படுக்கையில் கிடக்கிறார்.

அம்மாவிடம் நானே சொன்னேன். கல் நடும்வரை நின்று பார்த்தாள். "அப்போ நான் மட்டும் இன்னாத்துக்குடா உங்க மாமனுக்குக் கையெய்த்து போட்டுக் குடுத்தேன்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என் சோற்றை மூடி வைத்துவிட்டு, நான் வருவதற்குள் படுத்துவிடுகிறாள்.

உத்திரமேரூர் ரிஜிஸ்தர் ஆபீசில் டோக்கன் 28-ஆம் தேதி வெள்ளி, பதினொன்றரை மணிக்கு. கையெழுத்து முடிந்ததும் நீ வீட்டுக்குச் சாப்பிட வருவாயா, அம்மா உனக்கும் சேர்த்து உலை வைப்பாளா, இரண்டும் தெரியவில்லை. அவள் பக்கத்தை வியாழக்கிழமைக்குள் கேட்டுச் சொல்கிறேன்.

வினோத்