பத்தாவது இணைப்பு

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். துறைத் தலைவர் (இனி து.த.) கூப்பிட்டார். தாவரவியல் இரண்டாம் ஆண்டு நூல் பட்டியலில் இணையத்தில் கிடைப்பவற்றையும் சேர்க்க வேண்டுமாம். பத்து இணைப்பு, வெள்ளிக்குள். “திண்டிவனத்துல ஸ்டெல்லா மேடம் வீடியோ போட்டுக்கினு இருக்காங்களே, அத மொதல்ல சேருங்க” என்றார். சரிங்க சார் என்றேன். வயிறு எரிந்தது.
ஸ்டெல்லா என்னோடு எம்.எஸ்சி. படித்தவள். ரெக்கார்டு நோட்டில் படம் வரைய என்னிடம்தான் வந்து நிற்பாள்.
வாங்க வேண்டியது: வெண்டைக்காய், சோப்பு, குடைக்குக் கம்பி.

ஜூலை 9, புதன்
அவளுடைய மல்லாட்டை வீடியோ. குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்தேன். விக்கிரவாண்டிப் பக்கம் ஏதோ வேர்க்கடலைக் கொல்லையில் குந்தி, பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்குவதை விரலால் காட்டுகிறாள். பிசகே இல்லை. புடவை நிறம் மட்டும் சகிக்கவில்லை.
பதினொரு வருஷமாக நான் பலகையில் வரைந்தது இவ்வளவு தெளிவா? இல்லை. பொறாமைதான், வேறென்ன.

ஜூலை 11, வெள்ளி
தூறல். பட்டியல் கொடுத்தாயிற்று. முதல் இணைப்பு என் குறிப்புகள், எண்பத்தாறு பக்கம், படங்களோடு, டிரைவில் ஏற்றியது. ஸ்டெல்லா பத்தாவது. து.த. படிக்காமலே கையெழுத்து. நிம்மதி.

ஜூலை 16, புதன்
ஆய்வகத்தில் கண்டமங்கலத்துப் பெண் சுகன்யா, பக்கத்திலிருந்தவளிடம்: “பத்தாவது லிங்க் பாருடி, ஜல்தியா புரியுது.” அலமாரிக்குப் பின்னால் நான். முதலாவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஜூலை 18, வெள்ளி
மாலை ஸ்டெல்லா போன். எடுக்கவில்லை. பிறகு குரல் செய்தி: “லிஸ்ட்ட உங்க சார் அனுப்பினாருடி. என்னையும் சேத்திருக்கே, தேங்க்ஸ். உன் நோட்ஸ் தொறக்கவே மாட்டேங்குது, பர்மிஷன் கேட்டிருக்கேன் பாரு. நீ வரையுற படங்களப் புள்ளைங்களுக்குக் காட்டணும்.”
டிரைவைத் திறந்தேன். எல்லோரும் பார்க்கலாம் என்பதை அழுத்தவே மறந்திருக்கிறேன். ஒரு வாரமாகப் பூட்டியே கிடந்திருக்கிறது. வகுப்பில் அறுபத்து நான்கு பேர். திறந்து விடுங்கள் மேடம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.
அனுமதி கேட்டவர்: ஒரே ஒரு பெயர். அவள்தான்.
அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்து, அனுமதியை அழுத்தினேன். படித்தாளா என்று அதற்குள் நான்கு முறை போனை எடுத்துப் பார்த்தாயிற்று.