நீ அனுப்பிய ஊதாச் சில்லு

ஆம்பூர்,
18.11.2007

அன்புத் தோழி சைராவுக்கு,

ஹெப்சி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். சிங்கப்பூரில் நீயும் உன் வீட்டுக்காரரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். போன வாரம் உன் அம்மாவைப் பஜாரில் பார்த்தேன். முழங்கால் வலி கம்மியாம்.

கிடைத்துவிட்டது, சைரா. கிறிஸ்துமஸுக்குள் ஓர் அடுக்குக் கிராஃபீனை, அதாவது ஓர் அணு கனமே உள்ள கரி ஏட்டை, காட்டாவிட்டால் எம்.ஃபில். தலைப்பையே மாற்றச் சொல்லியிருந்தார் எங்கள் கைடு. ஒரு வருட உழைப்பு வீணாகியிருக்கும்.

வழி சுலபம்தான். கிராஃபைட் துணுக்கை டேப்பில் ஒட்டி, மடித்து மடித்துப் பிரித்தால் ஏடு ஏடாக உரியும். பிறகு டேப்பைக் கண்ணாடி அல்லது சிலிக்கான் சில்லின் மேல் அழுத்தி எடுக்க வேண்டும். கருப்பாக இருக்கும் டேப்பில்தான் நிறைய கிடைக்கும் என்று எனக்குப் பேராசை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் தடித்த கட்டிகள்.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். என் வீட்டுக்காரர் டைட்டஸ் லெதர் கம்பெனியில் செக்கிங் பார்ப்பது உனக்குத் தெரியுமே. தோலில் டேப்பை ஒட்டி இழுப்பார்கள். பெயிண்ட் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தத் தோல் ஃபெயில். அதே பழக்கத்தில், மேசையைச் சுத்தம் செய்கிறேன் என்று நான் வீட்டில் உரித்து வைத்திருந்த கருப்பு டேப்புகளையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டார். கடைசியாகப் பிரித்த, ஒன்றுமே இல்லாதது போல இருந்த டேப்பை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். "இன்னா ஹெப்சி, ஒண்ணுதான் பாஸ் ஆயிருக்குது" என்று விசாரிப்பு வேறு. அன்றைக்கு அவரைத் திட்டித் தீர்த்தேன்.

வேறு வழியில்லாமல் அதையே வேலூரில் எங்கள் காலேஜுக்கு எடுத்துப்போய் நீ அனுப்பிய சிலிக்கான் சில்லில் அழுத்தினேன். ஊதா நிறத்தின் மேல், கண்ணாடியில் மூச்சு பட்ட மாதிரி லேசாக ஒரு நிழல். சென்னையில் ராமன் நிறமாலைக் கருவியில் பார்த்து, ஒரே அடுக்குதான் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டில் இவர் பெருமையைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் அவருக்கும் நன்றி சொன்னேன்.

சில்லின் மேலே இருக்கும் ஆக்சைடு பூச்சு சரியான கனத்தில் இருந்தால்தான் அந்த அடுக்கு கண்ணுக்குத் தெரியுமாம். முன்பு சாதாரணக் கண்ணாடியில் பார்த்தபோதும் இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. நான் உன்னிடம் ஒரு சிலிக்கான் துண்டு என்று மட்டும்தானே கேட்டேன்? அந்தக் கனத்தைத் தேடிப் பார்த்து, நீ வேலை செய்யும் லேபில் கேட்டு வாங்கி, பஞ்சில் சுற்றி அனுப்பியவள் நீ. கல்யாணத்தோடு படிப்பெல்லாம் மறந்துபோனது, இந்த லேபில் குடுவை கழுவத்தான் லாயக்கு என்று எழுதியிருந்தாயே, அதை நான் நம்ப மாட்டேன்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் உன்னுடையது. பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கைடு கேட்டார். லேப் உதவியாளர் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, இடம் விட்டிருக்கிறேன். ஜனவரியில் பைண்டிங்குக்குப் போகிறது. அதற்குள், அங்கே ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

உனக்காக ஜெபிக்கும்,
ஹெப்சி